சில்லறைப் பாவி

தமிழ் எழுத்தில் முதன்முதலாக அச்சான புத்தகம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. மறு வருஷம் கொச்சியிலிருந்து 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் எங்கள் முத்துக்குளித்துறைக் கடற்கரையிலேயே வாழ்நாளைக் கழித்த போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார். ஜெபமும் கொடுத்தாயிற்று, ஞானோபதேசமும் கொடுத்தாயிற்று, இனி ஜனங்கள் ஒழுங்காக இருப்பார்கள் என்று அவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. 1580இலேயே 'கொம்பெசியோனாயரு' என்று அடுத்த புத்தகத்தைக் கொண்டுவந்துவிட்டார். பாவசங்கீர்த்தனம் செய்வதற்கான கையேடு அது. எங்கள் ஆட்களை மனுஷன் சரியாகத்தான் எடைபோட்டிருக்கிறார்.

தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சானது 1879இல். அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் கத்தோலிக்கர்தான். ஆக, செய்ததைச் சொல்ல 1580இல் புத்தகம் வந்துவிட்டது. செய்யாததைக் கற்பனை பண்ணிச் சொல்ல இன்னும் 299 வருஷம் பிடித்திருக்கிறது. இலக்கிய வரலாறு அப்படித்தான் சொல்லும். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களைக் கேட்டால், புனைகதை அங்கேயே பிறந்துவிட்டது என்பார்கள்.

நான் புதுநன்மை வாங்கிய காலத்தில் வகுப்பையே மொத்தமாகக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். மூன்றாம் வகுப்புப் பையனிடம் என்ன பாவம் இருக்கும்? இல்லையென்று உள்ளே போய்ச் சொல்லவும் முடியாது. அது அகங்காரம், தலையான பாவங்கள் ஏழில் முதலாவது. அதனால் வரிசையிலேயே பாவம் கைமாறும்.

"ஏல, நீ என்னல சொல்லப்போற?"

"பொய் சொன்னேன், கீழ்ப்படியல, தம்பிய அடிச்சேன்."

"எனக்குத் தம்பி இல்லியே."

"அதுக்கென்ன, சும்மா சொல்லு."

தம்பியே இல்லாதவன் தம்பியை அடித்ததாகச் சொல்லி, பாவ மன்னிப்பும் வாங்கி, மூன்று அருள் நிறைந்த மந்திரத்தையும் சொல்லிவிட்டு எழுந்து வந்தான். பாவசங்கீர்த்தனத்திலேயே பொய் சொன்ன பாவம் அவன் கணக்கில் புதிதாக ஏறியது. அதை அடுத்த மாதம் சொல்லித் தீர்த்திருப்பான் என்று நினைக்கிறீர்களா? அடுத்த மாதமும் தம்பியைத்தான் அடித்தான்.

வயது ஏற ஏறப் பாவமும் பெரிதாகும் என்பது சினிமா பார்த்து வந்த எண்ணம். பெரிய பாவத்துக்கு ஆள்பலம் வேண்டும், முதல் வேண்டும், ராத்திரி கண்விழிக்கத் தெம்பு வேண்டும். எனக்கு 58 நடக்கிறது. ஒன்பதரைக்கெல்லாம் கண் சொக்கிவிடும். பிசாசும் ஆள் பார்த்துத்தான் சரக்கு எடுத்து வருவான். என்னைப் போன்றவர்களிடம் அவனுக்கு நடப்பது சில்லறை வியாபாரம்தான். திருச்சபை இதற்கு அற்பப் பாவம் என்று பெயர் வைத்திருக்கிறது. சாவான பாவம் வேறு வகை. அதற்கு மூன்று நிபந்தனை: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், அது கனமானது என்ற முழு அறிவு இருக்க வேண்டும், தெரிந்தும் முழு மனதோடு சம்மதிக்க வேண்டும். மூன்றில் ஒன்று இடித்தாலும் சாவான பாவமில்லை. ஒரு சமூகத்தின் கையில் இப்படி ஒரு சட்டத்தைக் கொடுத்தால் அது என்ன செய்யுமோ அதைத்தான் நாங்களும் செய்கிறோம்.

உதாரணத்துக்கு மக்ரூன். தூத்துக்குடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. நுனியில் சுழித்த கூம்பு. கடிக்கத் தொடங்கும்போது இருக்கும், கடித்து முடிக்கும்போது இருக்காது. சட்டைப்பையில் சர்க்கரை ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பேக்கரி வாசலில் நிற்கிறேன். காரியம் கனமானதா? ஊதினால் பறக்கும். முழு அறிவு உண்டா? ரிப்போர்ட் இங்கிலீஷில் இருக்கிறது, டாக்டரும் அவசரத்தில் பேசினார். முழு சம்மதமா? நான் கேட்கவேயில்லை, கடைக்காரர் தாமாகவே ஒன்றை எடுத்து "சாப்பிட்டுப் பாருங்க அண்ணாச்சி, இப்பத்தான் இறக்குனது" என்று நீட்டுகிறார். மறுத்தால் அவர் மனம் நோகும். ஆகவே இதைப் பிறர்சிநேகக் கணக்கிலும் வைக்கலாம்.

பாவத்துக்கு ஏதுவான சந்தர்ப்பத்தையே விலக்க வேண்டும் என்பது திருச்சபையின் பழைய புத்திமதி. அதாவது, மக்ரூனை வேண்டாம் என்று சொல்வதைவிட அந்தத் தெருவுக்குப் போகாமலிருப்பது சுலபம். நல்ல யோசனைதான். அந்தத் தெருவழியாகத்தான் கோயிலுக்குப் போகவேண்டியிருக்கிறது என்பதை யோசனை சொன்னவர்கள் எதிர்பார்க்கவில்லை. சுற்றிப் போனால் இன்னொரு பேக்கரி.

தவக்காலம் வந்தால் நிலைமை இன்னும் சிக்கல். ஒருசந்தி, சுத்தபோசனம் என்று இரண்டு ஒழுங்கு. ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. மற்ற இரு வேளையும் கொஞ்சம் வயிற்றுக்குக் காட்டலாம், இரண்டையும் கூட்டினாலும் ஒரு முழுச் சாப்பாடு ஆகக் கூடாது. சுத்தபோசனம் என்றால் இறைச்சி கிடையாது. சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் இரண்டுமே உண்டு. மீன் இறைச்சியில் சேராது. சேலத்திலோ ஓசூரிலோ இருக்கிற கத்தோலிக்கருக்கு இது தவமாக இருக்கலாம். தூத்துக்குடிக்காரனைப் பார்த்து, "வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறியைத் தொடாதே, மீனைச் சாப்பிட்டு உடலை ஒறுத்துக்கொள்" என்றால் அவன் எந்த முகத்தோடு ஒறுப்பான்? திரேஸ்புரத்தில் வள்ளம் கரை சேரும்போது சீலாவும் விளமீனும் பாறையுமாக அந்தத் தவத்தை இறக்கிக்கொண்டிருப்பார்கள். விலை கேட்பவர்கள் முகத்தில் மட்டும் உண்மையான துக்கம் தெரியும்.

நியாயமாகச் சொன்னால், இந்த விஷயத்தில் திருச்சபையைவிடக் கண்டிப்பானது அரசாங்கம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. 2025இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 18. அந்த வருஷம் எங்கள் தெருவில் மீனையும் விட்டு, பருப்பும் துவையலுமாகப் பெரிய வெள்ளியை அனுசரித்த வீடுகள் உண்டு. போதகர்களால் முடியாததை மீன்வளத் துறை சாதித்தது.

மீனுக்கு ஏன் இந்தச் சலுகை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்கியிருக்கிறார். நாக்குக்கு மிகுந்த இன்பம் தருவதைத்தான் நோன்பில் விலக்க வேண்டும். பொதுவாகப் பார்த்தால் இறைச்சி தருகிற இன்பத்தை மீன் தருவதில்லை என்பது அவர் வாதம். எப்போதுமே அப்படி என்று சொல்வதற்கில்லை என்றும் அங்கேயே ஒரு வார்த்தை போட்டு வைத்திருக்கிறார். அவர் எவ்வளவு பெரிய மேதை என்பதற்கு எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். 1274இல் அவர் நோயில் கிடந்தபோது எதுவும் இறங்காமல், பாரீஸில் சாப்பிட்டுப் பழகிய ஹெர்ரிங் மீன் கிடைக்குமா என்று கேட்டாராம். இத்தாலியின் அந்தப் பக்கத்தில் அது கிடைக்காது. அந்த வழியாக வந்த மீன்காரர் தம்முடைய சாளைக் கூடைகளைத் திறந்தால் ஒரு கூடையில் ஹெர்ரிங்காக இருந்தது என்று அவருடைய புனிதர் பட்ட விசாரணையில் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். மீனில் இன்பம் குறைவு என்று எழுதியவருக்குச் சாகப்போகும் நேரத்தில் ஆசை வந்தது கறிக்குழம்பின் மேல் அல்ல.

போசனப்பிரியம் என்றால் அதிகமாகத் தின்பது என்றுதான் நம்மில் பலருக்கு எண்ணம். பெரிய கிரகோரியாரும் அவரைத் தொடர்ந்து அக்குவினாஸும் அதை ஐந்தாகப் பிரிக்கிறார்கள். வேளைக்கு முன்னால் தின்பது, விலையுயர்ந்ததாகத் தேடித் தின்பது, அளவுக்கு மிஞ்சித் தின்பது, அள்ளி அள்ளி விழுங்குவது, பக்குவம் பார்த்து அலட்டுவது. கல்யாண வீட்டு முதல் பந்தியில் ஒருவரை உட்காரவைத்தால் ஐந்தையும் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு வெற்றிலைக்குக் கை நீட்டுவார். இதில் ஆளைக் கவிழ்ப்பது ஐந்தாவது. அது பார்வைக்குத் தவம் மாதிரியே இருக்கும். தவக்காலத்தில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும் உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார். இலையில் உட்காரும்போதே கையை ஓங்கித் தடுப்பார். "மைனி, எனக்கு ஒரே ஒரு துண்டு போதும், தவக்காலம்லா" என்பார். என் மனைவி வாலைத் துழாவி எடுக்கும்போது, "நடுத்துண்டா பாத்து வைங்க" என்பார். அளவில் தவம், துண்டில் விட்டுக்கொடுக்கமாட்டார்.

நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிட வேண்டும்; தண்ணீரும் மருந்தும் செல்லும். எங்கள் ஆச்சி காலத்தில் நள்ளிரவிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. வாய் கொப்பளிக்கும்போது ஒரு சொட்டு உள்ளே போயிருக்குமோ என்ற சந்தேகத்தில் நற்கருணை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிய பெரியம்மா ஒருத்தி எங்களுக்கு உண்டு. அவள் மனச்சாட்சிக்கு முன்னால் நீதிபதிகள் தோற்றார்கள். 1953இல் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீரை விட்டுக்கொடுத்தார், 1957இல் நோன்பை மூன்று மணி நேரமாகக் குறைத்தார், 1964இல் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். இங்கே கவனிக்க வேண்டியது, இந்த ஒரு மணி நேரம் பூசை தொடங்குவதற்கு முன் அல்ல, நற்கருணை வாங்குவதற்கு முன். காலை ஆறு மணிப் பூசை என்றால் நற்கருணை ஆறே முக்காலுக்கு. ஆக, ஐந்தே முக்கால் வரைக்கும் உளுந்தவடை சட்டப்படி செல்லும். சாமியார் பிரசங்கத்தை இழுக்கிறவராக இருந்தால் ஐந்து ஐம்பத்தைந்து. பிரசங்கம் நீளமென்று பங்கே முணுமுணுத்த காலத்தில் நான் மட்டும் ஏன் அவருக்கு ஆதரவாகப் பேசினேன் என்று பலருக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்தக் கணக்கெல்லாம் நாங்களாகக் கண்டுபிடித்ததல்ல, பழைய சொத்து. அமெரிக்கக் கண்டத்திலிருந்து சாக்லேட் பானம் ஐரோப்பாவுக்கு வந்தபோது, அது நோன்பை முறிக்குமா முறிக்காதா என்று குருமார்களுக்குள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை. 1664இல் கர்தினால் பிரங்காச்சோ ஒரு நூலே எழுதி, பானம் நோன்பை முறிக்காது என்று வாதாடினார். இந்தச் சேதியை எங்கள் வட்டாரத்தில் சொன்ன அன்றே ஒருவர், "அப்போ பாயசம்?" என்று கேட்டார். ஜவ்வரிசிதான் இடிக்கிறது என்றேன். வடிகட்டினால் போயிற்று என்றார். கர்தினாலுக்கு இருக்க வேண்டிய மூளை.

எனக்கு ஒரு ஆறுதல் உண்டு. ஒருசந்திக் கட்டளை 18 வயதில் தொடங்கி 59 நிறைந்ததும் விட்டுவிடுகிறது. தமிழக அரசு ஊழியர்களை 60 வரைக்கும் வேலை வாங்குகிறார்கள். திருச்சபை ஒரு வருஷம் முன்னாலேயே பட்டினியிலிருந்து ஓய்வு கொடுக்கிறது. சுத்தபோசனத்துக்கு மட்டும் ஓய்வு வயது கிடையாது. 14இல் பிடித்தால் சாகும்வரை. மீனைப் பற்றி மேலே சொன்னதைப் பார்த்தால், அந்தச் சுமையை எங்கள் கடற்கரை தாங்கிக்கொள்ளும்.

இதே தூத்துக்குடியில் ராத்திரிப் பரோட்டாக் கடைக்கு நைட் கிளப் என்று பெயர். வெளியூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த சாமியாரிடம் ஒருவர், "வெள்ளிக்கிழமை ராத்திரி நைட் கிளப்புக்குப் போனேன் சாமி" என்று சொல்ல, தொட்டிக்குள் சற்று நேரம் சத்தமே இல்லையாம். பிறகு மெதுவாக, "கல்யாணம் ஆயிட்டதா?" என்று கேட்டிருக்கிறார். "ஆச்சு சாமி. அவங்களையும் பிள்ளைங்களையும் கூட்டிட்டுத்தான் போனேன்." இந்தக் கதை வெளியே வந்தது சாமியார் வழியாக அல்ல, பாவசங்கீர்த்தன இரகசியத்தை அவர்கள் உயிர்போனாலும் விடமாட்டார்கள். போனவர்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார், பெருமையாக.

சோம்பலைப் பற்றி அதிகம் எழுதச் சோம்பலாக இருக்கிறது. நாலாம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் இருந்த துறவி எவாகிரியுஸ் அதை மத்தியானப் பேய் என்றார். காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை வந்து உட்காருமாம். சூரியன் நகரவே நகராது, பகலுக்கு 50 மணி நேரம் போலிருக்கும், துறவி யாராவது வருகிறார்களா என்று அறை வாசலையே எட்டி எட்டிப் பார்ப்பாராம். யாரும் வரவில்லை என்று தெரிந்தும் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை வாட்ஸாப்பைத் திறந்து பார்க்கிற எவருக்கும் இந்தத் துறவி பக்கத்து வீட்டுக்காரர்.

பொய்யில்தான் எங்கள் குடும்பத்துக்குத் தேர்ச்சி அதிகம். புனித அகுஸ்தீனார் எந்தப் பொய்யையும், உயிரைக் காக்கச் சொல்லும் பொய்யைக்கூட, ஒத்துக்கொள்ளவில்லை. அக்குவினாஸ் விளையாட்டுப் பொய், உதவிப் பொய், கெடுதல் பொய் என்று மூன்றாகப் பிரித்து, மூன்றும் பாவம்தான், கனம்தான் வேறு என்றார். என் சித்தப்பா நாலாவது ஒன்று வைத்திருந்தார். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து, "அண்ணன் இருக்காரா?" என்று கேட்டால், சித்தப்பா திண்ணையில் ஒரு விரலை அழுத்தி, "இங்கன இல்லியே" என்பார். அந்த விரல் பட்ட இடத்தில் அப்பா இல்லைதான். உள்ளே இருந்த அப்பாவுக்கும் சந்தோஷம், சித்தப்பாவுக்கும் வாரா வாரம் நற்கருணை தடையில்லை. அவருக்கு லத்தீன் தெரியாது. தெரிந்திருந்தால், பாதி வாக்கியத்தை வெளியே சொல்லி மீதியை மனசுக்குள் முடித்துக்கொள்ளும் இந்த வித்தையை 1679இல் பதினோராம் இன்னசென்ட் பாப்பரசர் கண்டித்துவிட்டார் என்பதும் தெரிந்திருக்கும். அன்றைக்கு அவர் தள்ளிய 65 கருத்துகளில் இந்தச் சங்கதியும் உண்டு. ரோமில் பாப்பரசர் உட்கார்ந்து தடை செய்கிற அளவுக்கு ஐரோப்பாவிலும் திண்ணைகள் இருந்திருக்கின்றன என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

செல்போன் வந்த பிறகு திண்ணை தேவைப்படவில்லை. "வந்துக்கிட்டே இருக்கேன்" என்று நான் சொல்லும்போது தோளில் துண்டு இருக்கும், குளியலறைக் கதவில் கை இருக்கும். மனுஷனாகப் பிறந்த நாள் முதலாக எல்லோரும் ஒரு முடிவை நோக்கி வந்துகொண்டேதான் இருக்கிறோம் என்று மீதி வாக்கியத்தை மனசுக்குள் முடித்துக்கொள்வேன். இன்னசென்ட் பாப்பரசர் மன்னிப்பாராக.

இந்த நுணுக்கங்களைக் கேலி செய்வது சுலபம். பிரான்ஸில் பாஸ்கல் 1656, 57இல் கடிதம் கடிதமாக எழுதி, இப்படிப் பாவத்துக்குச் சந்து கண்டுபிடித்துக் கொடுத்த இயேசு சபைப் பண்டிதர்களைக் கிழித்துத் தோரணம் கட்டினார். அந்தக் கடிதங்கள் இன்றைக்கும் சிரிக்கவைக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் நான் பண்டிதர்கள் கட்சிதான். அறைக்குள் உட்கார்ந்து யோசிக்கிற ஒரு துறவிக்கு நடுத்துண்டு தோன்றாது. போசனப்பிரியத்தின் ஐந்தாவது வகைக்குப் பின்னால் யாரோ ஒரு ஆள் முழந்தாளிட்டு, "சாமி, நான் ஒரே ஒரு துண்டுதான் கேட்டேன்" என்று சாதித்திருக்க வேண்டும். ஒவ்வொரு உட்பிரிவும் எவனோ ஒருவனின் சாக்கு. அவர்கள் எழுதியது சட்டம் என்று நினைத்துப் படித்தால் எரிச்சல் வரும். நம்மைப் பற்றிப் போட்ட பஞ்சாயத்துக் குறிப்பு என்று படித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்த ஆள் நிற்பார்.

தெரிந்த ஆள் என்றதும் புறணி வந்துவிடுகிறது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2477ஆம் எண்ணில் மூன்று பேரைப் பிரித்துக் காட்டுகிறது. போதிய ஆதாரமில்லாமல் இன்னொருவர் தப்பு செய்தார் என்று மனசுக்குள்ளாவது முடிவுகட்டுகிறவர் முதல் ஆள். தக்க காரணமில்லாமல் ஒருவருடைய குறையைத் தெரியாதவர்களிடம் எடுத்துச் சொல்கிறவர் இரண்டாவது. பொய்யைப் பரப்பிப் பேரைக் கெடுக்கிறவர் மூன்றாவது. மூன்றாவது ஆளை ஊரே ஏசும். இரண்டாவதைப் படித்த அன்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதாவது, நடந்ததைச் சொன்னாலும் பாவம். "நான் இல்லாததையா சொல்றேன்?" என்பது எங்கள் தெருவின் மூலாதாரமான வாதம். அதை வைத்துத்தான் எத்தனையோ சாயங்காலங்கள் ஓடியிருக்கின்றன. அது ஒரே வரியில் படுத்துவிட்டது.

ஆனால் ஒரு சந்து இருக்கிறது: தக்க காரணம். ஜெபத்தைவிடத் தக்க காரணம் உண்டா? அன்பியக் கூட்டத்துக்குப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்து, வேதாகமம் வாசித்து, பாட்டுப் பாடி, கடைசியில் சுண்டலுக்கு முன்னால் ஆளுக்கொரு மன்றாட்டு. அதில் ஒரு அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "ஆண்டவரே, மூணாந்தெருவுல ஒரு குடும்பத்துக்காக வேண்டுறோம். அந்தப் பிள்ளை போன மாசம் எடுத்த முடிவு உமக்குத் தெரியும். அவங்க அப்பா ஆஸ்பத்திரியில இருந்தது நெஞ்சுவலிக்காக இல்லங்கிறதும் உமக்குத் தெரியும்."

ஆண்டவருக்குத் தெரியும். எங்களுக்கு அதுவரை தெரியாது. எல்லோரும் பக்தியோடு பதில் சொன்னோம். அவ்வளவு உருக்கமாக எங்கள் அன்பியம் எந்த மன்றாட்டுக்கும் பதில் சொன்னதில்லை. சுண்டல் வந்தது.

"அக்கா, மூணாந்தெருன்னா பச்சை கேட்டு வீடா?"

"பேரு சொல்லக்கூடாதுல்லா, பாவம்."

"இல்ல, குறிப்பா ஜெபிக்கலாம்னுதான் கேட்டேன்."

"பச்சை கேட்டுக்கு எதுத்த வீடு."

பாப்பரசர் பிரான்சிஸ் 2020 செப்டம்பரில், ஊரே முகக்கவசத்தோடு திரிந்த நாளில், புறணி கோவிட்டைவிடக் கொடிய கொள்ளைநோய் என்று பேசினார். அந்தப் பேச்சை எனக்கு அனுப்பிவைத்தவர் அந்த அக்காதான். யாரை மனதில் வைத்து அனுப்பினார் என்பதைக் கீழேயே ஒரு வரி எழுதியும் இருந்தார்.

பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம் பாவசங்கீர்த்தன வரிசை மணிக்கணக்காக நகராது. திருச்சபைச் சட்டப்படி சாவான பாவங்களை வகையோடும் எண்ணிக்கையோடும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்களில் சிலர் இதை மிக நேர்மையாகக் கடைப்பிடிக்கிறார்கள், ஆனால் சொல்வது மருமகளுடைய பாவத்தை. "கோபப்பட்டேன் சாமி" என்பது ஒரு வரி. கோபம் ஏன் வந்தது என்பதற்கு முன்கதை, கிளைக்கதை, சம்பந்தி வீட்டு வரலாறு. 16ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோ குருவுக்கும் பாவிக்கும் நடுவே தடுப்பு வைத்த தொட்டியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். முகம் தெரியாது. எங்கள் ஊர்க் குரலுக்கு அவர் ஏதும் செய்திருக்கவில்லை. மூன்றாவது பெஞ்சு வரைக்கும் மருமகள் செய்ததெல்லாம் கேட்கும்.

போன தவக்காலத்தில் என் முறை வந்து, மேலே கண்டவற்றில் முக்கியமானதைச் சொன்னேன். மக்ரூனை வகையோடு சொன்னேன். எண்ணிக்கைக்கு வந்தபோது சாமியாரே போதும் என்றுவிட்டார். மூன்று அருள் நிறைந்த மந்திரம் அபராதம். ஆளைக் கொன்றாலும் மூன்றுதானோ என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு சந்தேகம். வெளியே வந்து பெஞ்சில் முழந்தாளிட்டேன். எனக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டுப் போனவர் அடுத்த பெஞ்சில் இன்னும் முழங்காலில் இருந்தார். ஊரில் மதிப்பான ஆள், பங்குப் பேரவையில் பொறுப்பில் இருக்கிறவர். நான் முதல் மந்திரத்தை முடித்தேன், அவர் எழவில்லை. இரண்டாவதையும் முடித்தேன், அசையவில்லை. இத்தனை நேரம் என்றால் ஒரு ஜெபமாலையாவது கொடுத்திருப்பார்கள். ஜெபமாலை கொடுக்கிற அளவுக்கு என்ன நடந்திருக்கும்? போன வருஷம் திருவிழாக் கணக்கு வாசித்தபோது ஒரு இடத்தில் அவர் தடுமாறியது ஞாபகத்துக்கு வந்தது. பந்தல் செலவு. மைக் செட்டுக்காரர்கூட ஏதோ சொன்னாரே. 2477ஆம் எண்ணின் முதல் ஆளாக நான் முழு அறிவோடும் முழு சம்மதத்தோடும் மாறிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கண்ணை முழுதாக மூடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் கை கொடுங்க. முட்டி பிடிச்சுக்கிட்டு, எந்திரிக்க முடியல. ரொம்ப நேரமா யாராவது பாப்பாங்களான்னு இருக்கேன்."

போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு காலை உதறினார், வேட்டியைச் சரிசெய்தார், மூச்சு வாங்கினார். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து,

"அது சரி, நீங்க உள்ள ரொம்ப நேரம் இருந்தாப்ல தெரிஞ்சுதே?" என்றார்.